ஆமான் வேஷத்துக்கு ஓர் ஆள்

யூதர்களின் பூரிம் பண்டிகைக்கு நாடகம் போடுவதில் நூரித்துக்கு வருஷா வருஷம் ஒரே தலைவலி. எஸ்தர் ராணியாக நடிக்கப் பெண் பிள்ளைகள் அடித்துக்கொள்வார்கள். ராஜா வேஷத்துக்கும் ஆள் உண்டு, கிரீடம் இருக்கிறதே. யூதர்களை ஒருவர் விடாமல் அழிக்கத் திட்டம் போட்ட மந்திரி ஆமானாக நடிக்கத்தான் யாரும் வர மாட்டார்கள். அவன் பேரைச் சொன்னதும் கிலுகிலுப்பையைச் சுழற்றி, காலால் தரையை உதைத்து, அந்தப் பேரே யார் காதிலும் விழாதபடி செய்யவேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, "சரி, யாரு ஆமான்?" என்று கேட்டால் எந்தப் பிள்ளை கை தூக்கும்?

இந்த வருஷம் யாயிர் தூக்கினான். கர்மியேல் ஊரில் நூரித் நடத்தும் பாலர் பள்ளிக்கு அவன் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"நெஜமாத்தான் சொல்றியா?" என்றாள் நூரித்.

"அந்த மூணு முனைத் தொப்பி எனக்குத்தானே?"

"உனக்குத்தான்."

"இறகும்?"

"இறகும்தான்."

யாயிர் எழுந்து ஒரு சுற்று ஆடினான். எஸ்தர் வேஷம் கிடைத்திருந்த கெஃபனின் முகம்தான் வாடிவிட்டது. மணல்தொட்டியிலும் ஊஞ்சலிலும் அவளுக்கு யாயிரை விட்டால் வேறு துணை கிடையாது.

நாடகத்துக்கு முந்தின நாள் உதவியாளர் சிம்ஹா பிள்ளைகளை மேஜையைச் சுற்றி உட்காரவைத்து, பண்டிகைப் பலகாரம் செய்ய மாவைக் கொடுத்தாள். வட்டமாகத் தட்டி, நடுவில் சாக்லேட்டோ கசகசா விழுதோ வைத்து, மூன்று பக்கமும் மடித்துக் கிள்ளினால் போதும்.

"இதுக்கு என்ன பேரு?" என்று கேட்டாள் கெஃபன்.

"ஆமான் காது."

"நெஜக் காதா?"

சிம்ஹாவுக்கு விளையாட்டு. "பின்னே? அவன் பண்ணுன வேலைக்குக் காதை அறுத்து அடுப்புல போட்டுட்டோம். நாளைக்கு நாடகம் முடிஞ்சதும் எல்லாருமா சேர்ந்து திங்கப்போறோம்."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். கெஃபன் திரும்பி யாயிரைப் பார்த்தாள். இயல்பாகவே அவனுக்குக் காது கொஞ்சம் தூக்கி நிற்கும். அவன் மாவை உருட்டிக்கொண்டு தன்பாட்டில் பாடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை கெஃபனின் அப்பா எலாத் வாசலிலேயே நூரித்தைப் பிடித்துக்கொண்டார். "என்ன சொல்லிக்கொடுத்தீங்க இவளுக்கு? பால் குடிக்கிறப்போகூட காதைப் பத்தித்தான் பேசுறா. காது திரும்ப முளைக்குமான்னு கேக்குறா."

"அப்புறம் பேசலாம், எலாத். ராஜாவோட தாடி ஒட்டவே மாட்டேங்குது," என்று சொல்லிவிட்டு நூரித் உள்ளே ஓடினாள்.

பெற்றோர்கள் சின்ன நாற்காலிகளில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நாடகம் ஆரம்பித்தது. ஆமான் பேர் வந்ததும் கிலுகிலுப்பைகள் கடகடத்தன. யாயிர் அதைத் தனக்கான கைதட்டல் என்று எடுத்துக்கொண்டு குனிந்து வணக்கம் சொன்னான். சத்தம் கூடக்கூட இன்னும் கீழே குனிந்தான். கடைசியில் தொப்பி கழன்று உருண்டது.

விருந்துக் காட்சி வந்தது. ராஜா வேஷம் போட்ட அலோன், கண்ணை மறைத்த கிரீடத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்டான்: "ராணி, உன் ஜனங்களை அழிக்கப் பாக்குற கெட்டவன் யாரு?"

கெஃபன் யாயிரின் காதையே பார்த்தாள்.

"இவன்தான்னு கையைக் காட்டு," என்று திரைக்குப் பின்னாலிருந்து நூரித் கிசுகிசுத்தாள்.

"அவன் இங்க இல்ல," என்றாள் கெஃபன். "வீட்டுக்குப் போயிட்டான்."

"நான் இங்கதானே இருக்கேன்," என்றான் யாயிர்.

கூட்டம் சிரித்தது. கெஃபன் அவன் பக்கம் திரும்பினாள். "நீ சும்மா இரு. உன் காதை அறுத்துடுவாங்க." தன் தலையிலிருந்த ராணி முக்காட்டை உருவி, அவன் இரண்டு காதும் மூடும்படி சுற்றி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட ஆரம்பித்தாள்.

நூரித்துக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சிம்ஹா ஓரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நூரித் மேடைக்கு வந்து மண்டி போட்டாள்.

"யாயிர், இப்ப நீ யாரு?"

"ஆமான்."

அவன் தொப்பியை எடுத்துவிட்டாள். "இப்ப?"

"யாயிர்."

தொப்பியைத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "இப்ப யாரு ஆமான்?"

"நூரித்," என்று பிள்ளைகள் கத்தினார்கள். கிலுகிலுப்பைகள் காதைப் பிளந்தன.

கெஃபன் நம்பவில்லை. கிட்டே வந்து நூரித்தின் காதைப் பிடித்து, கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி இழுத்துப் பார்த்தாள். காது கையோடு வரவில்லை. "அப்ப சாப்பிடுறது?"

சிம்ஹா முன்னால் வந்தாள். "வெறும் மாவுதான் கண்ணு. நீயே கிள்ளுனதுதானே. நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்."

"விளையாட்டுன்னா முன்னாடியே சொல்லணும்," என்றாள் கெஃபன்.

அதற்குப் பிறகு தொப்பிக்கு அடிதடி. ராஜாவே கிரீடத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆமானாகத் துடித்தான். ஒவ்வொரு பிள்ளையும் தொப்பியைப் போட்டுக்கொண்டு குனிந்து வணக்கம் சொல்ல, மற்றவர்கள் தரையை உதைத்தார்கள். கைக்குக் கை மாறித் தொப்பி எலாத்தின் தலைக்கு வந்து சேர்ந்தது. கெஃபன் முக்காட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு ராணியின் நாற்காலியில் ஏறி நின்றாள்.

"ராஜாவே, அந்தக் கெட்டவன் இவன்தான்," என்று அப்பாவை நோக்கி விரலை நீட்டினாள். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும் அந்தக் குரல்.

பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து எலாத்தைத் தோட்டம் வரை துரத்தினார்கள். திரும்பி வந்தபோது ஆளாளுக்கு ஒரு பலகாரம் தயாராக இருந்தது. கெஃபன் சாக்லேட் வைத்ததாகப் பார்த்து இரண்டு எடுத்துக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு நூரித்தும் சிம்ஹாவும் தரையில் உட்கார்ந்து தூளைக் கூட்டினார்கள்.

"அடுத்த பண்டிகை பஸ்கா," என்றாள் சிம்ஹா. "எகிப்துக்கு வந்த பத்து வாதையும் சொல்லிக்கொடுக்கணும். ரத்தம், தவளைன்னு ஆரம்பிச்சு தலைப்பிள்ளைங்க சாகுறது வரைக்கும்."

"தவளையோட நிறுத்திக்கலாம்."

"மிச்சம்?"

"பெரிய பள்ளிக்கூடத்துல பாத்துக்குவாங்க," என்றாள் நூரித், காதைத் தடவிக்கொண்டே.