ஏழாவது இழுப்பு

விடிய இன்னும் அரைமணி நேரம் இருந்தது. உப்புப் பாத்திக்குள் கணுக்காலளவு நீரில் நின்று முத்துமாரி வாருபலகையை இழுத்துக்கொண்டிருந்தாள். அடியில் விளைந்த உப்பு நறநறவென்று நகர்ந்து வரப்போரம் ஏறியது. கால்வெடிப்பில் உவர்நீர் இறங்கும் எரிச்சல் எட்டு வருஷப் பழக்கம். பழகியதால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆறு இழுப்புக்கு வலது கை முன்னே இருக்கும். ஏழாவதற்குக் கை மாற்றுவாள். அப்போது பலகை ஒரு கணம் நின்று, பிந்தி நகரும்.

கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது பக்கத்துப் பாத்திச் செல்வராணி போனை நீட்டினாள்.

“ஏளா, ஒங்க பாட்டு நேத்து வந்துட்டுல்லா. ஒன் பேரைத்தான் காணோம்.”

‘உவர்’ என்பது அவர்கள் குழுவின் பெயர். சினிமாப் பாட்டு கிடையாது, சொந்தப் பாட்டுத்தான். ஏரல் துணிக்கடையில் வேலை பார்க்கும் ரம்யா பாடுவாள். பள்ளிக்கூட பேண்டில் பழகிய முத்துமாரி டிரம்ஸ் அடிப்பாள். ஸ்டுடியோவும் மேடையும் விஜயராஜுடையவை, அதனால் குழுவே தன்னுடையது என்பது அவர் நினைப்பு. பாட்டெல்லாம் சமத்துவம், ஊருக்கு உபதேசம் செய்வதில் குறையே கிடையாது.

பாட்டின் கீழே ‘டிரம்ஸ்: ஜோன்ஸ்’ என்றிருந்தது.

போன மாசம் அவள் அடித்துப் பதிந்த அன்றைக்கே விஜயராஜ் சொன்னது நினைவுக்கு வந்தது. ரம்யாதான் ஆம்பளை டிரம்மர் கேட்கிறாளாம். முத்துமாரி இனி ஒத்திகைக்கு மட்டும் அடித்தால் போதும், ஜோன்ஸ் வந்து திரும்பப் பதிந்துகொள்வானாம். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டுடியோ வாசலில் ரம்யா அவரோடு பேசிக்கொண்டிருந்தாள். இவளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்தே முத்துமாரிக்கு அவள்மேல் சந்தேகம்.

செல்வராணி பாட்டை ஓடவிட்டாள். ஆறு அடி. ஏழாவது பிந்தி விழுந்தது.

“இது நீ பலகை இழுக்க மாதிரியே இருக்கு” என்றாள்.

முத்துமாரி இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டாள். அடி அவளுடையதுதான்.

மத்தியானம் உப்பளத்திலிருந்து நேராக ஸ்டுடியோவுக்குப் போனாள். சனிக்கிழமை கடற்கரை மேடைக்காக ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அவளுடைய இருக்கையில் ஜோன்ஸ் உட்கார்ந்திருந்தான்.

“அண்ணாச்சி, அடிச்சது நான். ஜோன்ஸ் பேரைப் போட்டிருக்கிய.”

“நீ அடிச்சதை அன்னைக்கே அழிச்சாச்சு” என்றார் விஜயராஜ். “சனிக்கிழமை ஓரமா நின்னு கிலுக்கு ஆட்டு. பொம்பளைப் பிள்ளைக ரெண்டு பேரு நின்னா போஸ்டருக்கு நல்லாருக்கும்.”

“ஜோன்ஸ் அடிச்சுக் காட்டட்டும்.”

ஜோன்ஸ் அடித்தான். சுத்தமான தாளம். ஏழாவது அடியும் நேரத்துக்கு விழுந்தது. முத்துமாரி போனில் பாட்டைப் போட்டாள். ஏழாவது பிந்தியது. அடுத்த ஏழாவதும் பிந்தியது.

விஜயராஜ் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. “சரி, ஒன்னுதுதான். அந்தத் தப்பை எடிட்ல எடுக்க விட்டுப்போச்சு.”

“தப்பு எனக்குச் சொந்தம்னா பாட்டும் சொந்தந்தானே, அண்ணாச்சி.”

ரம்யா மைக்கை விட்டு வந்தாள். “நீதான் பேரு வேண்டாம்னியாம், அண்ணாச்சி சொன்னாரே, மாரி. வீட்டுல கல்யாணம் பேசுதாக, டிரம்ஸ் அடிக்கது வெளிய தெரியக்கூடாதுன்னு. ஞாயித்துக்கிழமை அதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். ஒனக்குச் சங்கடமா இருக்கும்னு பேச்சை நிறுத்துனேன்.”

“எங்கிட்ட, நீ ஆம்பளை டிரம்மர் கேட்டன்னு சொன்னாரு.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இத்தனை நாள் யாரைச் சந்தேகப்பட்டோம் என்று முத்துமாரிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது.

“மெட்டு நான் போட்டது. அதுலயும் இவரு பேருதான்” என்ற ரம்யா விஜயராஜ் பக்கம் திரும்பினாள். “எங்க பேரு வராம நான் பாட மாட்டேன்.”

“பாடாட்டாப் போ. ஆயிரம் பேரு வருவாளுவ.”

“வரட்டும். வாரவகிட்டயும் பேசுவோம்” என்றாள் முத்துமாரி.

ஜோன்ஸ் குச்சிகளைக் கீழே வைத்தான். அவன்மேல் அவளுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் விஜயராஜ் கூப்பிட்டும் அவன் குச்சிகளைத் திரும்ப எடுக்கவில்லை.

மறுநாள் விடியலில் ரம்யா அளத்துக்கு வந்தாள். பாட்டின் கீழே ஜோன்ஸ் பெயர் அப்படியேதான் இருந்தது. சனிக்கிழமை மேடையில் ஏறாமல் அதற்கு எதிரே மணலில் நின்றே பாடுவது என்று முடிவு செய்தார்கள். அளத்துப் பெண்கள் எல்லோரும் வருவதாகச் செல்வராணி சொன்னாள்.

“நாங்க சும்மா நிக்க மாட்டோம். பலகையும் கொண்டு வருவோம்” என்றாள்.

ரம்யா வரப்பில் நின்று பாடிப் பார்த்தாள். பாத்திகளில் பலகைகள் சேர்ந்து நகர்ந்தன. ஏழாவதில் அவள் முந்திக்கொண்டாள்.

“பொறுளா” என்றாள் முத்துமாரி. “கை மாத்தணும்லா.”

ரம்யா நின்றாள். எல்லாப் பலகைகளும் நின்றன. எல்லோரும் கை மாற்றிய பிறகு ஒன்றாக இழுத்தார்கள்.