அண்ணன் சேகரித்த பாட்டு

என் அண்ணனுக்கு விருது கொடுத்திருக்கிறார்கள். காடு மேடெல்லாம் அலைந்து பழைய நாட்டுப்புறப் பாடல்களைச் சேகரித்தானாம். எந்தக் காடு, எந்த மேடு? என் அடுப்படிக்கு வந்து காபி குடித்ததைத் தவிர அவன் எங்கும் அலைந்ததில்லை. அத்தனையும் நான் கட்டிய பாட்டு.

நான் துணிக் கம்பெனியில் தைக்கிறவள். மெஷின் ஓட ஓட வாய் முணுமுணுக்கும். சட்டைக் கை தைத்து முடிப்பதற்குள் இரண்டு வரி தேறிவிடும். விடுமுறை நாளில் மேடை. நான் பாடுவேன், அண்ணன் மேளம் வாசிப்பான். பாட்டுக்கு முன்னால் மைக்கைப் பிடித்து, "இது நம்ம முன்னோர் பாட்டு, யார் கட்டினதுன்னே தெரியாது" என்று அளப்பான்.

"ஏண்ணே இப்படிப் புளுகுற?"

"புதுசுன்னா எவன் காது குடுப்பான்? பழசுன்னாதான் கை தட்டுவான்."

ஒவ்வொரு மேடைக்குப் பிறகும் சண்டை போட்டேன். அடுத்த மேடையிலும் அதையே சொன்னான்.

போன மாதம் ஒரு சோப்புக் கம்பெனி கூப்பிட்டது. விளம்பரத்துக்கு என் பாட்டு வேண்டுமாம். இருவரும் போனோம். குளிரூட்டிய அறை, கண்ணாடி மேஜை. மேனேஜர் ஒரு தாளை நீட்டினார்.

"ஒரே ஒரு வரிதான் மேடம் மாத்தியிருக்கோம்."

'ஊரு துணி துவைச்ச கையே, ரெண்டு விரல எங்க வெச்சே' என்பது என் வரி. அம்மா சலவை ஆலையில் வேலை செய்தவள். துணி தேய்க்கும் சூட்டு உருளை அவள் வலது கையை இழுத்து இரண்டு விரலைத் தின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுதுகொண்டே கட்டிய பாட்டு அது. அப்போது அண்ணனும் பக்கத்தில்தான் இருந்தான்.

தாளில், 'ஊரு துணி துவைச்ச கையே, பூ வாசம் எங்க புடிச்சே' என்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது என் பாட்டு சார். எங்கம்மா விரலை எடுத்துட்டு சோப்பு வைக்க விடமாட்டேன்."

மேனேஜர் அண்ணன் பக்கம் திரும்பினார். "விருது வாங்கின தொகுப்புல இருக்கே சார், நீங்க சேகரிச்சதுன்னு?"

"சொல்லுண்ணே, யார் கட்டினது?"

அண்ணன் தொண்டையைக் கனைத்தான். "பழைய பாட்டுதான் சார். யார் கட்டினாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"அப்போ யார் வேணா பாடலாம்" என்று மேனேஜர் தாளை வாங்கிக்கொண்டார். "நாங்க வேற பொண்ண வெச்சு எடுத்துக்கறோம்."

படி இறங்கும்போது கெஞ்சினான். "உண்மையைச் சொன்னா விருதைப் பிடுங்கிடுவாங்கம்மா. நான் எப்படி வெளியில தலை காட்டுறது?" ஓங்கி அறையலாம் போலிருந்தது. கூடப் பிறந்த பாவம், வயதில் மூத்தவன்.

நேற்று அந்த விளம்பரம் டிவியில் வந்தது. அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மெட்டைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. அடுத்த வரி வந்ததும் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"என் விரல் எங்கடி?"

"உன் பிள்ளையைக் கேளு" என்றேன். கம்பெனியில் அவன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

இன்று காலை அவனே வந்தான். வெட்கம் கெட்டவன், அடுத்த மேடைக்குப் புதிதாக ஒரு பாட்டு வேண்டுமாம். அம்மா அவனை உட்காரச் சொன்னாள். மூன்று விரல் கையை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இது யார் கைடா?"

"அம்மா, வந்து..."

"கூச்சப்படாம சொல்லுப்பா. பழைய கைதானே? யாரோடதுன்னு யாருக்குத் தெரியும்?"

அவன் என்னைப் பார்த்தான், நான் ஏதாவது சொல்லித் தப்பவைப்பேன் என்று. நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவும் கையை இறக்கவில்லை.