நாற்பது நிமிட நடை

பூட்டுக்கடைக்காரர் வீட்டில் வாசல் கதவிலிருந்து கூடத்துக்கு நடந்துபோக நாற்பது நிமிடம் ஆகும். கையில் பை இருந்தால் நாற்பத்தைந்து. வீடு கட்டும்போது அந்த நடை ஒன்பதடிதான். மகள் தன் இஷ்டப்படி ஒரு பஸ் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்ட அன்று, "இந்த வீட்டுக் கூடத்துல அவ கால் படக்கூடாது" என்று அவர் சொன்னார். மறுநாள் காலையில் நடை இரண்டடி நீண்டிருந்தது. பிறகு நிற்கவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் வீடு பழைய அளவுதான், பக்கத்து வீட்டுச் சுவரும் இருந்த இடத்தில்தான் இருந்தது. விருந்தாளிகள் பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கி, நலம் விசாரித்ததாக வைத்துக்கொள்ளச் சொல்லித் திரும்பினார்கள். பூட்டுக்கடைக்காரருக்கு அதில் பெருமைதான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர் அவர்.

அவர் மனைவி ஆலை கேன்டீனில் முந்நூறு பேருக்குச் சமைப்பவள். நான்கு வருஷம் தினமும் அந்த நடையை நடந்து வேலைக்குப் போய்வந்தாள், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். போன வருஷம் மகள் வந்தபோதுதான் பொறுக்க முடியவில்லை. பெண் நடக்க நடக்க நடை அவளுக்கு மட்டும் நீண்டது. ஒரு மணி நேரம் நடந்துவிட்டு அழுதுகொண்டே திரும்பிப் போனாள். இப்போது போனில் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை நாங்க ரெண்டு பேரும் வரோம்மா. இந்தத் தடவையும் திரும்ப வேண்டியிருந்தா, அப்புறம் என்னைக் கூப்பிடாத."

தாய் சீன வாஸ்து பார்க்கும் ஒரு ஃபெங் சுய்காரரை அழைத்து வந்தாள். அவர் திசைகாட்டியோடு நடந்து, பாதி வழியில் மதியச் சாப்பாட்டை முடித்து, குறைகளைச் சொன்னார். கதவுக்கு நேரே கண்ணாடி மாட்டியிருந்தால் வரும் நல்லது அப்படியே திரும்பிவிடுமாம். அதைக் கழற்றியதும் நடை ஆறு நிமிடம் குறைந்தது. செருப்புக் குவியலை அள்ளியதில் மூன்று நிமிடம், எரியாத பல்பை மாற்றியதில் ஒன்று. அதற்குமேல் அசையவில்லை.

"மிச்சம் உங்க வீட்டுக்காரர் வாயில இருக்கும்மா. அதை நகர்த்துறது என் தொழில்ல இல்ல. கதவைத் திறந்ததும் வர்றவங்களுக்கு வீடு தெரியணும். அவ்வளவுதான் விஷயம்."

சனிக்கிழமை அவள் கேன்டீனுக்கு லீவு போட்டாள். அடுப்பைத் தூக்கி வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். சிலிண்டரை அரை மணி நேரம் உருட்டினாள். பாத்திரம், மேஜை, நாற்காலிகள், படுக்கை என்று ஒன்பது நடை. ஒவ்வொரு நடையிலும் அவளுக்குக் கோபம் ஏறியதே தவிர, களைப்பு ஏறவில்லை.

"பைத்தியமா உனக்கு? கூடத்த விட்டுட்டு நடையில குடித்தனமா?" என்றார் கணவர்.

"கூடம் உங்களுது, நீங்களே வெச்சுக்குங்க. நான் இருக்கிற இடந்தான் வீடு."

ஞாயிற்றுக்கிழமை மகள் பல்லைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்தாள். ஓர் எட்டு வைத்தாள்; அம்மாவின் அடுப்பு முழங்கையில் இடித்தது. நெடுந்தூரம் நடக்கத் தயாராகத் தண்ணீர் பாட்டிலோடு வந்திருந்த மருமகன் அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். தாய் இருவரையும் உட்காரவைத்துத் தட்டில் பரிமாறினாள்.

தாளித்த வாசனை கூடத்தைச் சேர முப்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. பிடிவாதத்துக்கும் பசிக்கும் அங்கே என்ன பேச்சு நடந்ததோ தெரியாது. கொஞ்ச நேரம் கழித்துத் தூரத்தில் காலடிச் சத்தம் கேட்டது. மகள் எழுந்தாள்.

"அப்பா வர்றாரும்மா. எதிர்ல போய்க் கூட்டிட்டு வரட்டுமா?"

"உக்காந்து சாப்பிடு. அவர் போட்ட வழி, அவரே நடந்து வரட்டும்."

வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மருமகன் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். நடை அதற்குப் பிறகு நீளவும் இல்லை, குறையவும் இல்லை. பன்னிரண்டு மணிச் சாப்பாட்டுக்குப் பூட்டுக்கடைக்காரர் கூடத்திலிருந்து பதினொன்றரைக்குக் கிளம்புகிறார். மழைக்காலத்தில் முழங்கால் வலிக்கும் என்பதால் பதினொன்றே காலுக்கு.