சிவப்பு ஸ்டிக்கர் டிஸ்க்

எங்கள் கம்பெனி குரல் பதியும் கருவி செய்கிறது. அதைச் சோதிப்பது என் பிழைப்பு. 'இன்னும் எழுதாமல் கையில் இருப்பதையெல்லாம் டிஸ்கில் சேர்த்துவிடு' என்று அதற்குள் ஒரு கட்டளை உண்டு. பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்கில் எழுதலாம். சிவப்பில் படிக்க மட்டும்தான் முடியும். இரண்டிலும் கட்டளையைக் கொடுத்தேன். இரண்டுமே 'சரி' என்றன.

"எழுதவே முடியாத டிஸ்க் எப்படி சார் சரின்னு சொல்லும்?" என்று மேனேஜரிடம் சண்டைக்கே போனேன்.

"அதுலதான் எழுதவே முடியாதே, அப்புறம் சேர்க்க வேண்டியதும் எதுவும் இல்லையேம்மா. அப்போ சரிதானே? பாஸ் போடு."

விதிப்படி அவர் சொன்னது சரி. அந்த விதியை உடைப்பில் போட! எழுத முடிந்ததா என்று எங்கள் கருவி பார்ப்பதில்லை; அந்தச் 'சரி'யை மட்டும் நம்பித் திரையில் 'பதிவாகிவிட்டது' என்று காட்டும். இது அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெரியாது.

அந்தக் கருவியைத்தான் அவசரமாக வீட்டுக்கு எடுத்துப்போனேன். மறுநாள் அப்பாவுக்கு ஆபரேஷன். புற்று வந்த குரல்வளையையே எடுத்துவிடுவார்கள். போனில் வேண்டாம், இதில்தான் தெளிவாக இருக்கும் என்று பெருமை வேறு. அப்பா கம்மிய குரலில், தினமும் என்னை எழுப்புவதுபோலவே கூப்பிட்டார்: "ஏ கழுத, எந்திரி!" அம்மா சிரித்தாள். 'பதிவாகிவிட்டது' என்றது திரை. 'பதிஞ்சுடுச்சு' என்று நானும் சொல்லி, அணைத்துவிட்டேன்.

தொண்டையில் துளையோடு அப்பா வீடு திரும்பினார்.

"அவர் பேசினதப் போடுடி, கேக்கலாம்" என்றாள் அம்மா.

போட்டேன். எதுவும் இல்லை. மூடியைத் திறந்தேன். உள்ளே சிவப்பு ஸ்டிக்கர்.

"பதிஞ்சுடுச்சுன்னு நீதானடி சொன்ன?"

"அதுதாம்மா சொல்லுச்சு."

கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பையிலிருந்த பச்சை டிஸ்கை எடுத்து மாட்டினேன். மாட்டி என்ன செய்ய? அழுகைதான் வந்தது.

நான் அழுவதை அப்பா பார்த்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கருவியைத் தன் பக்கம் இழுத்து, 'போடு' என்று விரலால் காட்டினார். பொத்தானை அழுத்தினேன்.

அவர் உதடுகள் 'கழுத, எந்திரி' என்று அசைந்தன. துளை வழியே காற்று மட்டும் வந்தது. முடித்துவிட்டு, பதிந்ததா என்று என் முகத்தைப் பார்த்தார்.

"பதிஞ்சுடுச்சுப்பா" என்றேன். இந்த முறை அது உண்மை.