சுவரில் இருந்த எல்கே

கரண்டியில் தேநீரை வாயருகே கொண்டுபோனபோது அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்: "எல்கேய என்கூடச் சவப்பெட்டியில வச்சிடுங்க."

எல்கே பிடித்திருந்த கரண்டியிலிருந்து தேநீர் போர்வையில் சிந்தியது.

"உன்னைச் சொல்லலடி," என்றாள் வீப்கே அத்தை. "சுவத்துல இருக்கிறவளச் சொல்றா."

சுவரில் இருந்தவள் அக்கா. நான்கு வயதில் காய்ச்சலில் போனவள். செத்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அந்த ஃபிரீசியக் கடற்கரையில் வழக்கம். யாரும் அதில் குறை கண்டதில்லை. பென்சிலால் வரைந்த சின்ன முகம், அடியில் 'எல்கே' என்ற பெயர். அம்மா விடிந்ததும் அதனோடுதான் முதலில் பேசுவாள். எல்கே அந்தப் பக்கம் பார்க்காமலே நடமாடப் பழகியிருந்தாள். பயம்தான், வேறென்ன.

மதியத்துக்குள் அம்மா போய்விட்டாள். கடைசியாகக் கூப்பிட்டதும் எல்கே என்றுதான். எந்த எல்கே என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பெட்டி வந்த காலையில் அப்பா படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துத் தந்தார். வாழ்நாளில் முதன்முறையாக அவள் அதை உற்றுப் பார்த்தாள். இடது புருவத்தைப் பிளந்து ஒரு தழும்பு. எல்கே சிறுவயதில் படியில் விழுந்து வாங்கிய அதே தழும்பு அவள் புருவத்திலும் இருந்தது.

"அப்பா, அக்காவுக்கும் இங்க தழும்பு இருந்துச்சா?"

அப்பா வெறும் சட்டத்தைக் கீழே வைத்தார். படம் வரைகிறவன் ஊருக்கு வந்தபோது பெரியவளைப் புதைத்துச் சில வருஷம் ஆகியிருந்ததாம். அம்மா கெஞ்சியதால் சின்னவளை உட்காரவைத்து வரைந்தானாம்.

"அப்புறம் அது பெரியவதான்னு உங்கம்மா நம்பிட்டா," என்றார். "நானும் விட்டுட்டேன்."

எல்கே படத்தோடு பெட்டியருகே போனாள். மண்ணுக்குள் போகப்போவது தன் முகம். வைக்காவிட்டாலோ, கடைசிச் சொல்லை மீறிய வீட்டுக்குச் செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்பார்கள். அம்மாவின் விரல்கள் மார்பின்மேல் லேசாகத் திறந்திருந்தன. பெட்டி தூக்குகிறவர்களின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டது.

அத்தையின் கத்தரிக்கோலை எடுத்துக் காகிதத்தின் அடியை மட்டும் வெட்டினாள். பெயர் இருந்த துண்டை அம்மாவின் விரல்களுக்குள் செருகினாள். முகத்தை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

மூடியில் ஆணி அறைந்து முடித்தார்கள்.

"எல்கே, வாம்மா," என்று அப்பா வாசலிலிருந்து கூப்பிட்டார்.

கூப்பிட்டது தன்னைத்தானா என்று அவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.