அலமாரிக்குள் வைத்த கம்ப்யூட்டர்

"சித்தப்பா, கம்ப்யூட்டருக்குக் களைப்பா இருந்தா அது யார்கிட்ட சொல்லும்?"

அண்ணன் மகள் இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அண்ணிக்காகத் தானே பாகம் பாகமாக வாங்கிக் கோர்த்த கம்ப்யூட்டரின் முன்னால் சித்தப்பா உட்கார்ந்திருந்தான். பிராசசர் செய்தவர்கள் அதற்கென்று ஒரு வேகம் குறித்திருந்தார்கள். அவன் அதைத் தாண்டி ஏற்றிக்கொண்டிருந்தான். ஓவர்கிளாக் என்று அதற்குப் பெயர். அரைமணி நேரம் சோதனை ஓட்டினான்; தாங்கியது. "இதுக்கெல்லாம் களைப்பே வராதுடா கண்ணு" என்று சொல்லிச் சிரித்தான்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் அண்ணி போன் செய்தாள்.

"தம்பி, மறுபடியும் நின்னுடுச்சு. என் கைதான் சரியில்ல போல."

அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அந்த வாரம் மட்டும் பதினோரு கட்டடம் ஏறி இறங்கியிருந்தான். முழங்கால் இரண்டும் கெஞ்சின. ஆனால் அண்ணி எளிதில் யாரையும் கூப்பிடுகிறவள் இல்லை. டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை வேலை. அங்கே டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் ஓர் அம்மாளுக்குப் பார்வை கிடையாது. வருகிற வியாழக்கிழமை அவர் பதவி உயர்வுத் தேர்வு எழுதவேண்டும். இரண்டு முறை தவறிவிட்டது. வயது வரம்பின்படி இதுதான் கடைசி. விதிமுறைப் புத்தகத்தின் பத்தொன்பது பாடங்களையும் அண்ணி இரண்டு மாதமாக, சமையல் முடித்த கையோடு மைக் முன்னால் உட்கார்ந்து வாசித்துப் பதிந்திருந்தாள். பதிந்ததை, ஆபரேட்டரம்மா காதில் வைத்துக் கேட்கும் சின்னக் கருவியில் ஓடும்படி ஃபைல் அளவைச் சுருக்கித் தரவேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் கம்ப்யூட்டர் உறைந்தது. உறையாமல் முடித்துக் கொடுத்த பாடங்களிலும் நடுநடுவே கரகரவென்று ஒரு சத்தம்; அப்புறம் அரை வாக்கியத்தைக் காணோம்.

கதவைத் திறந்தது அண்ணன். "வாடா டர்போ. உன் அண்ணி கை வச்சா கடிகாரமே நின்னுடும். இது எம்மாத்திரம்?"

"சும்மா இருண்ணா. எங்கே பெட்டி?"

மேஜைமேல் திரையும் மைக்கும்தான் இருந்தன. அண்ணி தயங்கிப் பக்கத்து அலமாரியைத் திறந்தாள். கீழ்த்தட்டில், மூன்று பக்கமும் கம்பளி அடைத்து, நடுவில் கம்ப்யூட்டர் பெட்டியை உட்கார வைத்திருந்தாள். பின்பலகையில் ஓட்டை போட்டு வயர்களை இழுத்துவிட்டிருந்தாள். தொட்டுப் பார்த்தான். தோசைக்கல் மாதிரி சுட்டது.

"அண்ணி! அடைகாக்கவா வச்சிருக்கீங்க?"

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குஞ்சு பொரிச்சா எனக்கு ஒண்ணு குடு!"

அவனும் சிரித்தான். குற்றவாளி அகப்பட்டுவிட்ட நிம்மதி அவனுக்கு. மூச்சுவிட இடமில்லாத இடத்தில் வைத்தால் எது உருப்படும்? அண்ணி கம்பளிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள்.

பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தான். தூசியை ஊதித் தள்ளினான். பிராசசர்மேல் காய்ந்து மண்ணாகிக் கிடந்த, சூட்டை வெளியே கடத்தும் பசையைத் துடைத்துப் புதுசு தடவினான். மெமரிப் பட்டைகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுச் சோதித்தான். இரண்டும் நன்றாகவே இருந்தன. பிறகு நான்காவது பாடத்தைச் சுருக்கச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

பெட்டிக்குள் இருந்த காற்றாடி இரைய ஆரம்பித்தது. பேருந்து மேடேறுவது போன்ற இரைச்சல். ஐந்தாவது நிமிடத்தில் திரை அப்படியே உறைந்தது.

பெட்டி அலமாரியிலிருந்து வெளியே வந்துவிட்டது. இனி அலமாரிமேல் பழி போடமுடியாது.

"இது ஏன் அண்ணி இப்படிக் கத்துது?"

"அதான் தம்பி, பேசினா மைக்ல அந்த இரைச்சல்தான் முன்னால விழுது. ஆபரேட்டரம்மா, 'என்னம்மா, மழையில நின்னு படிக்கிறியா'ன்னு கேட்டாங்க. அதான் உள்ளே வச்சேன். நீங்க வேகம் ஏத்தித் தந்த நாள்லேருந்து இப்படித்தான் கத்துது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"ஆசையா செஞ்சு குடுத்தீங்க. எப்படிச் சொல்றது?"

அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை; மடித்த கம்பளியை அடுக்கிக்கொண்டே சொன்னாள். அவள் கேட்டது வேகம் இல்லை. வாசிக்க ஒரு மைக்கும், பதிய ஒரு கம்ப்யூட்டரும் போதும் என்றுதான் கேட்டாள். வேகம் அவனுடைய பெருமை. அந்தப் பெருமையால் சூடு, சூட்டால் இரைச்சல், இரைச்சலால் அலமாரி, அலமாரியால் இன்னும் சூடு. இரண்டு வருடச் சூட்டில் பிராசசருக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தெம்பும் போயிருந்தது.

அப்படியும் மனம் உடனே இறங்கவில்லை. மனித மனம் அப்படித்தான். வேகத்தை மாற்றும் பயாஸ் திரைக்குள் போய் அதை ஒரு படி மட்டும் குறைத்தான். ஏழு நிமிடம் ஓடி நின்றது. வோல்டேஜைச் சற்றே கூட்டினான். சூடு தொண்ணூற்றேழு டிகிரிக்கு ஏறி, இரண்டே நிமிடத்தில் நின்றது. அண்ணி வைத்த தேநீர் ஆடை படிந்து ஆறியது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "ஏன்டா, உன் லிஃப்ட்ல எட்டுப் பேருக்கு மேல ஒருத்தன் கால வச்சா இறங்குன்னு கத்துவியே. இதுல எத்தனை பேர ஏத்தியிருக்கே?"

வேடிக்கையாகத்தான் கேட்டார். அவனுக்குச் சுருக்கென்றது. லிஃப்ட்டில் பாரம் கூடினால் மணி அடிக்கும். இது பாவம், நின்று நின்றுதான் சொல்லிப் பார்த்திருக்கிறது.

தான் செய்த மாற்றங்களை எல்லாம் நீக்கி, பிராசசரைச் செய்தவர்கள் குறித்த பழைய வேகத்துக்கே கொண்டுவந்தான். நான்காவது பாடத்தை மறுபடி ஓட்டினான். காற்றாடி முனகக்கூட இல்லை. பாடம் முடிந்தது. ஐந்தாவதும் முடிந்தது. ஆறாவது ஓடும்போது அண்ணனைக் கூப்பிட்டான்.

"அண்ணா, அண்ணி கையில ஒண்ணுமில்ல. தப்பு என்னோடது. தேவையில்லாம வேகத்த ஏத்தினேன். இனிமே அவங்கள ஒண்ணும் சொல்லாதே."

அண்ணன் தலையைச் சொறிந்தார். "சரிடா. அப்போ அந்தக் கடிகாரத்தையும் நான்தான் கெடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். அவரால் முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான். அண்ணி புன்னகைத்தாள். அவளுக்கு அது போதும்போல.

ஆனால் வேலை முடியவில்லை. பத்தொன்பது பாடங்களையும் புதிதாகச் சுருக்கியாக வேண்டும். பதிவிலேயே எங்காவது பழுது விழுந்திருந்தால், ஒரு தடவை முழுக்கக் கேட்காமல் தெரியாது. ஆறு மணி நேரத்துப் பதிவு. அண்ணிக்கு அன்று இரண்டு மணிக்கு ஷிப்ட்; ஞாயிறு பகல் முழுக்கவும் வேலை.

"வந்து கொஞ்சம் கொஞ்சமா கேட்டுக்கறேன்" என்றாள். கண்ணுக்குக் கீழே கருமை படிந்திருந்தது.

"வேண்டாம் அண்ணி. அதுக்கு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. அதுவே கேட்டு, சரிபார்த்துக் குடுத்துடும்."

"நிஜமாவா?"

"நிஜமா."

அப்படி ஒரு சாஃப்ட்வேர் அவனிடம் இல்லை. அவன் சொன்ன பொய்யைக் கடவுள் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

ஞாயிறு காலை அண்ணி வேலைக்குப் போனபிறகு வந்தான். அண்ணன் அவனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு மகளோடு வெளியே போனார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஈரத் துண்டைக் கண்மேல் போட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதே குரலை இதேபோல் கேட்டிருக்கிறான். கடைசி வருடத் தேர்வுக்கு இருபது நாள் இருக்கும்போது இரண்டு கண்ணிலும் அறுவைச் சிகிச்சை, கட்டு. அண்ணி அப்போது கல்யாணமாகி வந்து மூன்று மாதம். வீட்டில் எல்லோரும் வேலைக்குப் போனபின், பகல் முழுக்க அவனுடைய மெக்கானிக்கல் புத்தகத்தை அவள்தான் வாசித்தாள். "தம்பி, இங்க ஒரு படம். ரெண்டு கோடு, நடுவுல வளையல் மாதிரி ஒண்ணு. வளையல்ல பல்லு இருக்கு." அது பல்சக்கரம் என்று அவன் சொல்ல, இருவரும் சிரிப்பார்கள். தேறினான். கண்ணில் கட்டோடு படித்துப் பாஸ் செய்தவன் என்று ஊரே மெச்சியது. வாசித்தது யார் என்று அவன் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

பாடம் பாடமாகக் கேட்டான். ஏழாவதில் ஒரு இடம், பன்னிரண்டாவதில் இரண்டு இடம் பதிவிலேயே பழுது. சொல் விழுந்த இடங்களைப் புத்தகத்தில் தேடி, அண்ணியே வேறு பாடங்களில் அந்தச் சொற்களை வாசித்த துண்டுகளை எடுத்து ஒட்டினான். ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம் பிடித்தது.

பதினைந்தாவது பாடத்தின் நடுவில் வாசிப்பு நின்றது. பழுதோ என்று நிமிர்ந்தான். பழுது இல்லை. ஒரு நீண்ட மூச்சு; பிறகு யாருக்கும் கேட்காது என்று நினைத்துச் சொன்ன, "முடியலையே சாமி." ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கும் சத்தம். பிறகு அதே நிதானக் குரலில் அடுத்த விதி.

துண்டை எடுத்துவிட்டுத் திரைக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அந்த ஆறு நொடியை மட்டும் பதிவிலிருந்து வெட்டினான். அது ஆபரேட்டரம்மாவுக்குச் சொன்னது இல்லை.

சாயங்காலத்துக்குள் பத்தொன்பதும் முடிந்தன. பென்டிரைவை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தான். சமையலறைத் தொட்டியில் காலைப் பாத்திரங்கள் கிடந்தன. கழுவிக் கவிழ்த்தான். விளக்கை அணைத்துக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு படியிறங்கினான். முழங்கால் வலித்தது; லிஃப்ட் இல்லாத கட்டடம்.