கேஸ் இல்லாதவன் பெண்டாட்டி

சிறைப் பார்வையாளர் கூடத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவிக்கு வயிறு பற்றி எரிந்தது. பக்கத்தில் டைலரின் மனைவி ஒரு குற்றப்பத்திரிகையை மடியில் வைத்துப் பிள்ளையைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தாள். புருஷன் மேல் மூன்று பிரிவுகளில் வழக்கு. இனி விசாரணை வரும், சாட்சி வரும், என்றாவது ஒருநாள் தீர்ப்பும் வரும். கொடுத்துவைத்தவள்.

"உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் ஒண்ணும் வரலியாக்கா?" என்று டைலர் மனைவி கேட்டாள். அந்தக் குரலில் இருந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை.

மெக்கானிக்கைப் பிடித்து இருபத்தாறு மாதமாகிறது. அவன் பழுது பார்க்கப் போன கட்டடத்துக்கு ஒரு பெரிய மனிதர் வரவிருந்தார். இவன் பையில் ஒயரும் பேட்டரியும் இருந்தன. மெக்கானிக் பையில் பின்னே பூச்செண்டா இருக்கும் என்று கேட்க ஆளில்லை. தீவிரவாதியாக இருக்கலாம் என்ற சந்தேகத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை லைசென்ஸ் மாதிரி புதுப்பித்து வந்தார்கள்.

அன்றே அவள் அந்தப் புதுப்பித்தலில் கையெழுத்துப் போடும் மறுஆய்வு அதிகாரியிடம் போய், தன் புருஷன் மேலேயும் ஏதாவது ஒரு கேஸ் போடும்படி கேட்டாள். அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து, மேடையில் நிற்பவர்போல் தொண்டையைச் செருமினார்.

"உங்க கணவர் மேல குற்றச்சாட்டே கிடையாதும்மா. ஒரு நிரபராதியைக் கூண்டுல ஏத்தி அவமானப்படுத்தச் சொல்றீங்களா? கேஸ் இருக்கிறவனைத்தான் கோர்ட்டுக்குக் கொண்டுபோகணும். இது நாகரிகமான நாடு."

பேச்சு அவருக்கே பிடித்துப்போய், தேநீர் வரவழைத்துக் குடித்தார். கேஸ் இருக்கிறவனைத்தான் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள் என்பதை மட்டும் அவள் முந்தானையில் முடிந்துகொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். பிடிபடுவதற்கு முந்தின வாரம் புருஷன் தன் நாலு பவுன் சங்கிலியைத் திருடிவிட்டதாகப் புகார் கொடுத்தாள். ஏற்கெனவே உள்ளே கிடப்பவனை இன்னும் என்னம்மா செய்வது என்று ரைட்டர் அலுத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டருக்கோ ஏக குஷி. தேடாமலே திருடன் கையில் இருக்கும் கேஸ், அந்த மாதம் துப்புத் துலக்கிய கேஸ்களின் கணக்கில் சேர்ந்தால் கசக்குமா?

மூன்றாம் வாரம் அவனை வேனில் கொண்டுவந்து மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினார்கள். யாருடைய சட்டையையோ போட்டிருந்தான். அது இன்னும் இரண்டு பேருக்கு இடம் கொடுத்தது. சங்கிலியைத் திருடினாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"நாலு பவுனா?" என்று அவன் திகைத்தான். அவர்கள் வீட்டில் தங்கம் என்று இருந்தது கல்யாண போட்டோவின் ஃபிரேமில் பூசியது மட்டும்தான். மனைவியைப் பார்த்தான். விருந்தாளிகள் முன்னால் அவன் உளறும்போது முறைப்பாளே, அதே முறைப்பு.

"எடுத்தேங்கய்யா."

"எத்தனை நாளா உள்ள இருக்கே?"

"இருபத்தாறு மாசமுங்க."

"இந்தப் புகார் வந்தே மூணு வாரம்தானே ஆகுது. அதுக்கு முன்னாடி எதுக்காக இருந்தே?"

"அதை யாரும் சொல்லலைங்கய்யா."

மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அரசு வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மின்விசிறியைப் பார்த்தார். அடைத்துவைத்த உத்தரவு முழுவதும் அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி தன் மேசைக்கு வர வேண்டும், கைதியும் வர வேண்டும் என்றார் மாஜிஸ்திரேட்.

கூட்டிப்போகும்போது மனைவியருகில் அவன் நடை தயங்கியது.

"பதினெட்டு என்ன கிழமை?"

"வியாழன்."

"வியாழன்," என்று அவன் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வேனில் ஏறினான்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். இதைப் பார்க்க டைலர் பெண்டாட்டி இல்லையே என்ற ஒரு குறைதான்.